எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் "தெரபிக்குப் போங்க" என்கிறார் டாக்டர். அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்?

கேட்டிருப்பவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண். சில மாதங்களுக்கு முன் சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்றே தோன்றியிருக்கிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறை இல்லை. அதன் பிறகும் பல தடவை வந்திருக்கிறது. இப்போது பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டார். மனநல மருத்துவர் பேனிக் அட்டாக் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் தனியாகத் தெரபிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பது: வெறுமனே பேசினால் இது எப்படிச் சரியாகும்? என்னென்ன கேட்பார்கள்? வீட்டுக்கும் ஆபீசுக்கும் தெரிந்துவிடுமா? எத்தனை நாள் ஆகும்?

நான் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மதுரைப் பக்கம் வேலை. என்னிடம் வருபவர்களில் பேனிக் அட்டாக்கோடு வருபவர்கள்தான் அதிகம். அதனால் பொதுவாகத் தெரபி எப்படி இருக்கும் என்று சொல்வதைவிட, உங்களுக்கு வந்திருக்கும் இந்தப் பிரச்சினைக்கு அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றதும் வீட்டில் "உனக்கு ஒண்ணுமே இல்ல, மனசுதான் காரணம், தைரியமா இரு" என்று சொல்லியிருப்பார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்பது மட்டும்தான் அந்த ரிப்போர்ட்டுகளின் பொருள். அன்று பஸ்ஸில் உங்கள் இதயம் நிஜமாகவே வேகமாக அடித்தது, கை நிஜமாகவே மரத்தது. நடந்த எதுவும் கற்பனை இல்லை. அது ஏன் நடந்தது என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது, பேசினால் எப்படிச் சரியாகும் என்ற உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் பேனிக் அட்டாக் எப்படி உருவாகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் வருகிறது. காலையில் சாப்பிடாமல் காபி மட்டும் குடித்ததாலோ, ஓடிவந்து பஸ் ஏறியதாலோ, கூட்டத்தின் புழுக்கத்தாலோ இதயம் கொஞ்சம் வேகம் எடுக்கிறது. மனம் அதை "ஹார்ட் அட்டாக்" என்று எடுத்துக்கொள்கிறது. உயிருக்கே ஆபத்து என்றதும் உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, "பார், நான் நினைத்தது சரிதான்" என்று பயம் உறுதியாகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். இதற்கிடையே பயத்தில் மூச்சை வேகவேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றுவதும் விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போவதும் அதனால்தான். மரத்தது இடது கையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்போம்.

இந்தச் சுழற்சியை அறுக்க வசதியான இடம் "இது ஹார்ட் அட்டாக்" என்று மனம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணம். மாத்திரை ஒட்டுமொத்தப் பதற்றத்தைத் தாழ்த்தி உதவும். தெரபி அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று இதுவரை எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் உங்களால் நம்ப முடியவில்லை. இன்னொருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே சொன்னால் மட்டும் நம்பிவிடப் போகிறீர்களா? மாட்டீர்கள். அதனால் நல்ல தெரபிஸ்ட் உங்களைச் சொல்லி நம்பவைக்க முயலமாட்டார். நீங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்வார். பேச்சு அதற்கான தயாரிப்பு.

இனி அறைக்குள் வருவோம். ஒரு அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம், வாரம் ஒரு முறை. முதல் அமர்வு மட்டும் இன்னும் நீளலாம், ஏனென்றால் அது கிட்டத்தட்டக் கேள்விகளாகவே போகும். முதல் அட்டாக் எங்கே, எப்போது வந்தது, அதற்கு முந்தைய வாரங்களில் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது, வந்த நொடியில் மனதில் ஓடிய வார்த்தை என்ன, உடனே என்ன செய்தீர்கள், இப்போது எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று கேட்பார். தூக்கம், சாப்பாடு, காபி, டீ, மாதவிடாய், எடுக்கும் மாத்திரைகள், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதெல்லாம் வரும். சின்ன வயதில் நடந்தவை பற்றியும் கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்றால் "இதைப் பற்றி இன்னிக்குப் பேச வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அதை மதிக்காதவரிடம் இரண்டாம் முறை போகத் தேவையில்லை.

ஒரு கேள்வி உங்களைத் திடுக்கிட வைக்கலாம்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா?" உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள், எல்லாரிடமும் கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருப்பவருக்கு, ஒருவர் நேரடியாகக் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் வரும். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியில் ஒன்றிரண்டு கேள்வித்தாள்கள் தருவார்கள். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தரும். பேனிக்குக்கென்று ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோல் தனியாக உண்டு, அதில் உச்சம் 28. பரீட்சை மாதிரி இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஆறு வாரம் கழித்து "எனக்கு ஒரு முன்னேற்றமும் இல்ல மேடம்" என்று நீங்கள் சொல்லும்போது எடுத்துப் பார்க்க அந்த எண்தான் இருக்கும். உங்கள் தாள், அதனால் உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவோ கணவரோ கூட வந்திருந்தால் பாதியில் அவர்களை வெளியே உட்காரச் சொல்வார்கள். நம் ஊரில் இது சங்கடம்தான். "எனக்குத் தெரியாம இவளுக்கு என்ன ரகசியம்?" என்று முகம் வாடும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பொறுமையாக விளக்குவது தெரபிஸ்டின் வேலை, உங்கள் தலையில் அந்தப் பாரம் வேண்டாம். குடும்பத்தைக் கூட வைத்துக்கொண்டே மனநல சிகிச்சை தரும் மரபும் நம்மிடம் உண்டு. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் அதற்குப் பேர்போனது. ஆனால் உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்திருப்பது தனிநபர் தெரபி. அதில் வீட்டாரை எப்போது அழைப்பது, எதைச் சொல்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ரகசியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது தெரபிஸ்டின் நல்ல மனதைப் பொறுத்த விஷயம் இல்லை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை. நீங்கள் சிகிச்சைக்கு வருவதையோ, அறையில் பேசியதையோ, ஆபீஸ் எச்.ஆரிடமோ வரன் பார்க்கும் வீட்டாரிடமோ வேறு யாரிடமோ சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்ற நிலை, உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவரோடு தேவையான அளவு பகிர்வது, நீதிமன்ற உத்தரவு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரபிஸ்ட் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விதிவிலக்குகளை முதல் நாளே அவர் தானாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். கம்பெனி ஏற்பாடு செய்து தரும் கவுன்சலிங் என்றால், ஆபீசுக்கு என்ன தகவல் போகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. தெரபிஸ்ட் குறிப்பு எழுதுவார். அது உங்கள் சிகிச்சைப் பதிவு, அதைப் பார்க்கக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

தெரபிக்குப் போனால் பைத்தியம் என்பார்களோ என்ற பயம் உங்கள் கேள்வியின் ஓரத்தில் தெரிகிறது. ஒரு செய்தி சொல்கிறேன். 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் ஒரு தன்பாலினப் பெண் ஜோடியின் வழக்கு வந்தது. இந்த விஷயத்தில் தன் புரிதல் போதாது என்று கருதி, அவரே நேரம் ஒதுக்கிக்கொண்டு ஒரு உளவியலாளர் முன்னால் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததையும் நீதிமன்ற உத்தரவில் வெளிப்படையாக எழுதினார். பாலின ஈர்ப்பை "குணப்படுத்தும்" முயற்சிகளுக்கு அந்த வழக்கில்தான் தடை வந்தது. அந்த நீதிபதிக்கு நோய் எதுவும் இல்லை. கற்றுக்கொள்ளப் போனார்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வில் வேலை தொடங்கிவிடும். உங்கள் கடைசி அட்டாக்கை எடுத்துவைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன சுழற்சியை உங்கள் வார்த்தைகளிலேயே ஒரு தாளில் வட்டமாக வரைவார்கள். "நெஞ்சு அடைக்குது", "விழுந்துடுவேன்", "எல்லாரும் பார்ப்பாங்க" என்று நீங்கள் சொன்னது அப்படியே அதில் இருக்கும். பிறகு அடுத்த கட்டம், பலரும் எதிர்பாராதது. அந்த அறையிலேயே அந்த உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவைப்பார்கள். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். சுழலும் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள். மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் இதில் எது செய்யலாம் என்று மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள், அதனால் அவற்றை மறைக்காதீர்கள்.

செய்து முடித்ததும் "பஸ்ஸில் வந்ததற்கும் இதற்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்பார்கள். "அப்படியே இருக்கு" என்று ஆச்சரியமாகச் சொல்பவர்கள் ஏராளம். ஒரு நிமிட மூச்சு வேகத்தாலேயே கை மரத்துப்போகும் என்றால், பஸ்ஸில் மரத்ததற்கு ஹார்ட் அட்டாக் காரணமாக இருந்திருக்க வேண்டியதில்லையே! யாரும் உங்களிடம் வாதாடவில்லை, உங்கள் கையே சொல்லிவிட்டது. நான் இந்தத் தொழிலை நேசிப்பதற்கு இந்தத் தருணமும் ஒரு காரணம்.

மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயமும் இதே மாதிரி சோதனைக்கு வரும். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று குறைய வேண்டும். பேனிக்கிலோ அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் பேனிக் அட்டாக்கில் நிஜமாக மயங்கி விழுவது மிக அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குகிறவர்கள் வேறு வகை, அவர்களுக்குச் சிகிச்சையும் வேறு.

பிறகுதான் பஸ். எடுத்தவுடனே நெரிசலான நேரத்தில் ஏறச் சொல்லமாட்டார்கள். உங்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸில் சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்குவது, மதிய நேரத்தில் ஒரே ஒரு ஸ்டாப், பிறகு நாலைந்து ஸ்டாப், பிறகு காலை ஒன்பது மணிக்கு நடுவில் கம்பியைப் பிடித்து நின்றபடி காந்திபுரம் வரை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம் நிச்சயம்?" என்று நோட்டில் எழுத வேண்டும். "மயங்கி விழுவேன், 80 சதவீதம்." வந்த பிறகு என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். பதற்றம் வரவே கூடாது என்பது இலக்கு இல்லை. பதற்றம் வந்தும் நினைத்த பயங்கரம் நடக்கவில்லை என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குப் பதற்றம் கொஞ்சம் வந்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் பழகிப்போன சில வழக்கங்களைத் தெரபிஸ்ட் கண்டுபிடிப்பார். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். பர்சில் ஒரு மாத்திரை. ஜன்னலோர சீட், அதுவும் இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில். வீட்டில் யாரிடமாவது போனில் பேசிக்கொண்டே வருவது. இவையெல்லாம் பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் பத்திரமாக இறங்கியதும் "பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் கணக்கு எழுதும், "ஆபத்தே இல்லை" என்று எழுதாது. அதனால் ஒவ்வொன்றாக விடச் சொல்வார். இதில்தான் வீட்டாரின் உதவி தேவைப்படும். தினமும் பைக்கில் கொண்டுபோய் விடும் அண்ணனோ கணவரோ அன்பால்தான் செய்கிறார், ஆனால் அந்த அன்பு அச்சத்துக்குத் தீனி போடுகிறது. நீங்கள் சம்மதித்தால் ஒரே ஒரு அமர்வுக்கு அவரை அழைத்து இதை விளக்கினாலே பாதிப் பாரம் குறையும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் அறையில் இருக்கிறீர்கள். மீதி நேரமெல்லாம் உங்கள் கையில். தோள் பிடித்துக்கொண்டவர் பிசியோதெரபிக்குப் போய்வந்து, சொன்ன பயிற்சியை வீட்டில் செய்யாமல் இருந்தால் கை எப்படித் தூக்க வராதோ அப்படித்தான் இதுவும். ஒரு வாரம் செய்யவில்லை என்றால் பொய் சொல்லாதீர்கள், அமர்வைத் தவிர்க்கவும் வேண்டாம். "பயமா இருந்துச்சு, செய்யல" என்று போய்ச் சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்று பார்த்துப் படியை இன்னும் சின்னதாக்குவது தெரபிஸ்டின் வேலை. திட்டுபவராக இருந்தால் அது அவருடைய குறை.

அறிவுரை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிட்டத்தட்ட எல்லாரும் அதை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். "வேலையை விடலாமா? இந்த வரனுக்குச் சரி சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க மேடம்." பெரியவர்களிடம் கேட்டு நடப்பது நம் பழக்கம். ஜே.எஸ். நெகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973இல் இதைப் பற்றியே எழுதினார். இங்கே சிகிச்சைக்கு வருபவர் குருவைத் தேடிவரும் சீடனைப் போல வருகிறார், அந்த உறவையே சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும் என்றார். அதில் உண்மை இருக்கிறது. தொடக்கத்தில் நான் ஒதுங்கியே இருந்தால் வருபவர்கள் தவித்துப்போவார்கள், அதனால் பேனிக் எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியர் மாதிரி நேராகவே சொல்லித்தருவேன். ஆனால் வாழ்க்கை முடிவுகளை நான் எடுத்துக் கொடுத்தால், அடுத்த முடிவுக்கும் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும். பர்சில் வைத்த மாத்திரையின் இடத்தில் நான் உட்கார்ந்துவிடுவேன். அதனால் அந்தக் கேள்விகளுக்குத் தெரபிஸ்ட் உடனே பதில் சொல்லாவிட்டால் கோபப்படாதீர்கள்.

எத்தனை நாள்? பேனிக்குக்கு இந்த முறையில் 12 அமர்வு வரை திட்டமிடுவது வழக்கம், அதாவது மூன்று மாதம். கிளார்க் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வும் அந்த அளவில்தான் நடந்தது. எல்லா வகைப் பிரச்சினைகளையும் சேர்த்துப் பார்த்த 1986ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எட்டாவது அமர்வுக்குள் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆக, ஒன்றிரண்டு அமர்வில் மாயம் நடக்காது, ஆனால் வருடக்கணக்கில் இழுக்கவும் தேவையில்லை. எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் எண்களில் அசைவே இல்லை என்றால் "நம்ம திட்டத்தை மாத்தணுமா?" என்று நீங்களே எழுப்புங்கள்.

நடுவில் ஒரு சரிவு வரும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில், பயந்து ஒதுக்கிய இடங்களுக்குத் திரும்பப் போகத் தொடங்கும்போது, பதற்றம் முன்பைவிடக் கூடின மாதிரி இருக்கும். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதிக வருத்தம் தருவது அதுதான். இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் இறங்கியிருக்கும். நிறுத்தத் தோன்றினால் வாட்ஸாப்பில் "பிஸியா இருக்கேன்" என்று அனுப்பிவிட்டு மறைந்துவிடாதீர்கள். ஒரு முறை நேரில் போய் நிறுத்தலாமா என்று யோசிப்பதாகச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். தெரபி தொடங்கியதும் நாமே நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அல்ப்ரசோலம், குளோனசிபாம் போன்ற, பதற்றத்தைச் சீக்கிரம் அடக்கும் வகை மாத்திரைகளைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் பதற்றம் எகிறும், வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். தெரபிஸ்டும் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நீங்கள் அனுமதி தந்தால் இது சுலபமாகும். 2000ஆம் ஆண்டில் டேவிட் பார்லோ என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 312 பேரிடம் செய்த ஆய்வில், சிகிச்சையெல்லாம் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடத் தெரபி மட்டும் பெற்றவர்களிடம் பலன் அதிகமாகத் தங்கியிருந்தது. உங்கள் மருத்துவர் மாத்திரையோடு நிறுத்தாமல் தெரபியையும் சேர்த்து எழுதியிருப்பது நல்ல மருத்துவரின் அடையாளம்.

சிலருக்கு பஸ் சரியான பிறகும் கதை முடியாது. முதல் அட்டாக் வந்த வாரம் அப்பாவின் கருமாதி முடிந்த வாரமாக இருக்கும், அல்லது பிடிக்காத கல்யாணப் பேச்சு நடந்த மாதமாக இருக்கும். அவர்களுக்குத் தெரபி அந்தப் பக்கம் திரும்பும். அப்போது நோட்டும் சதவீதமும் பின்னால் போய், பேச்சும் அழுகையும் மௌனமும் முன்னால் வரும். அது வேறு வேகம், கால அளவும் வேறு. அங்கே போகத்தான் வேண்டும் என்று யாரும் உங்களைத் தள்ளக் கூடாது. பேனிக் மட்டும் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதும் நேர்மையான முடிவுதான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கவுன்சலர் என்ற பெயரை வார இறுதி வகுப்பு முடித்தவர்களும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் என்ன படித்தார், யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று விசாரியுங்கள். ஒரே அமர்வில் குணமாக்குகிறேன் என்பவர், மற்றவர்களின் கதையை உங்களிடம் சொல்பவர், தொடுபவர், வெளியே சந்திக்கக் கூப்பிடுபவர், கல்லோ கயிறோ விற்பவர், சாதி மதம் பார்த்துப் பேசுபவர், இவர்களிடமிருந்து உடனே விலகுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

படிப்பும் பதிவும் சரியாக இருந்தும் ஒட்டாமல் போகலாம். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: எங்கே போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒப்புதல், எப்படிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு. மூன்றாவது அமர்வின் முடிவில் இந்த மூன்றையும் மனதுக்குள் கேட்டுப்பாருங்கள். எது இல்லையோ அதை அவரிடமே சொல்லுங்கள். "போன வாரம் நீங்க சொன்னது எனக்கு வலிச்சுது", "நீங்க வேகமா போறீங்க", "இந்தப் பயிற்சி எதுக்குன்னே எனக்குப் புரியல." பெரியவர்களிடம், அதுவும் டாக்டர் மாதிரி ஒருவரிடம், இப்படிப் பேசி நமக்குப் பழக்கமே இல்லை. ஆனால் என் அனுபவத்தில், இதைச் சொல்லிய பிறகுதான் பலருக்குச் சிகிச்சை நிஜமாகத் தொடங்கியிருக்கிறது. நல்ல தெரபிஸ்ட் நன்றி சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்வார். தற்காத்துப் பேசுபவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள், தெரபியையே கைவிடாதீர்கள்.

செலவு தனியாரிடம் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டியும் போகும். முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. கூட்டம் அதிகம், அமர்வு சுருக்கமாக இருக்கும், ஆனாலும் இந்த வட்டத்தையும் பயிற்சியையும் கற்றுக்கொள்ள அது போதும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் கடுமையான மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள். பெரிய ஊரின் பெரிய கிளினிக்தான் வேண்டும் என்று இல்லை. அமர்வுக்கு நாள் இருக்கும்போது இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

முடிவு கட்டத்தில் அமர்வுகள் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தள்ளிப்போகும். கடைசி அமர்வில், திரும்ப வந்தால் என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதுவீர்கள். தூக்கம் கெட்ட வாரத்திலோ, காய்ச்சலுக்குப் பிறகோ, வேலை மாறும்போதோ ஒரு அட்டாக் எட்டிப் பார்க்கலாம். ஒரு அட்டாக் வந்தாலே நோய் திரும்பிவிட்டது என்று ஆகாது. அந்த வாரமே பழைய பட்டியலில் ஒரு படியை எடுத்துச் செய்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் அடங்கவில்லை, மறுபடி இடங்களைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அதே தெரபிஸ்டிடம் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது, பெரும்பாலும் மூன்று நான்கு அமர்வே போதுமானதாக இருக்கும்.